தளவாயை முறையாக நிறுத்துதல்

தளவாய் செத்த அன்னைக்கும் வேலைய நிறுத்தல. நொச்சிக்குறிச்சி தாலுகா ஆபீஸ்ல, பின்கட்டு ரூம்ல, மத்த கம்ப்யூட்டருக்கெல்லாம் தாய்க் கம்ப்யூட்டர்னு சொல்லுத அந்தப் பெரிய பெட்டிக்கு முன்னால, மத்தியானச் சாப்பாட்டுக்கு முந்தி, நெஞ்சப் பிடிக்காம, தண்ணி கேக்காம, ஒரு முனங்கல்கூட இல்லாம மனுசன் போயிச் சேந்துட்டாரு, டாக்டர் வந்து நாடியப் பிடிச்சுப் பாத்து, கண்ண விரிச்சுப் பாத்து, உயிர் இல்லன்னு எழுதிக் கையெழுத்தும் போட்டாச்சு, அந்தக் கையெழுத்து காயுறதுக்குள்ள தளவாய் ஒரு வருமானச் சான்றும் ஒரு பட்டா மாறுதலும் அடிச்சு முடிச்சிருந்தாரு.

நான் செண்பகம். ஆபீசுக்கு எதிர்த்தாப்புல ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன். எனக்கு வாய் நீளம்னு ஊருல பேரு, இருந்துட்டுப் போகட்டும், நீளமான வாய் ஒண்ணாவது இருந்தாத்தான் இதச் சொல்ல முடியும். தளவாய் பொஞ்சாதி முப்பிடாதி என் கடையிலதான் விண்ணப்பம் அடிச்சுக் குடுக்கா. சேதி கேட்டு ரோட்டுக்குக் குறுக்க ஓடுனா பாருங்க, லாரிக்காரன் பிரேக்க அழுத்திட்டு வாயில வந்தபடி வஞ்சான், அவ காதுல விழல. நானும் கடையப் போட்டது போட்டபடி பின்னால ஓடுனேன். உள்ள போயிப் பாத்தா மனுசன் நிமிந்து உக்காந்திருக்காரு, கண்ணு தெறந்திருக்கு, உடம்பு சில்லுன்னு கெடக்கு, வெரலு பத்தும் தகரத்துல மழை விழுதாப்புல தடதடன்னு அடிச்சுக்கிட்டு இருக்கு. முப்பிடாதி அவரு தோளப் பிடிச்சு, "ஏங்க, ஏங்க"ன்னு உலுக்குதா. சன்னலுக்கு அந்தப் பக்கம் வரிசையில நின்ன ஒருத்தன் எட்டிப் பாத்துச் சொன்னான், "யம்மா, கொஞ்சம் தள்ளி நின்னு அழுங்க, என் டோக்கன் ஓடிக்கிட்டு இருக்கு."

வீட்டுக்குக் கொண்டுபோவோம்னு நாலு பேரு தூக்குனாவ. தூக்குன ஒடனே வெரலு வெறும் காத்துல அடிக்குது, ஆபீஸ் முச்சூடும் ஸ்கிரீன் எல்லாம் அப்படியே ஒறஞ்சு நிக்குது, "சர்வர் போச்சு, சர்வர் போச்சு"ன்னு வெளிய ஒரே கூப்பாடு. அவர நாற்காலியில திரும்ப வச்சாவ. வச்ச ஒடனே ஸ்கிரீன் எல்லாம் உசுரு வந்து, பிரிண்டர் பேப்பர் தள்ளிச்சு. அப்பம் அந்த நாலு பேரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்தாவ. அவ்வளவுதான். கூட்டம் போடல, பேசல, ஊரு அந்த எடத்துலயே முடிவு பண்ணிட்டு. அந்த நாலு பேருல ஒருத்தன் முப்பிடாதியோட கூடப்பெறந்த அண்ணன், சங்கிலி.

மெஷின வச்சுக் குடுத்த கம்பெனியில இருந்து ஜெபசிங்னு ஒரு இஞ்சினியர் திருநவேலியில இருந்து வந்தான். கறுப்பா ஒரு ஸ்கிரீனத் தெறந்து, எழுத்தாவே கட்டளை அடிச்சு, உள்ள ஓடுத வேலைகள எல்லாம் வரி வரியா வரவழைச்சான். அதுல ஒரு வரி தளவாய்னு பேரு போட்டு ஓடிக்கிட்டு இருக்கு. அத மட்டும் நிறுத்திப் பாத்தான், நிக்கல. கொன்னு போடுன்னு ஒரு கட்டளை உண்டாம், அதையும் குடுத்துப் பாத்தான், அதுக்கும் சாகல. வேர்த்து விறுவிறுத்து எங்க ரெண்டு பேரையும் வெளிய கூட்டிட்டு வந்து வேப்பமரத்தடியில நின்னு சொன்னான்.

"அக்கா, அண்ணாச்சி உயிரோட இல்ல. ஆனா மெஷினோட சேந்து ஓடுதாரு. மொத்த மெஷினையும் நிறுத்துனாத்தான் அவரும் நிப்பாரு."

"அதுக்கென்ன, பிளக்கப் பிடுங்கிட்டாப் போச்சு"ன்னேன் நான்.

"ஐயையோ, அந்தப் பாவத்தப் பண்ணிராதீங்க. பிடுங்குனா பாதி எழுதுனது பாதியிலயே நிக்கும். ஊரு பட்டா அத்தனையும் அதுக்குள்ளதான் கெடக்கு. அண்ணாச்சிக்கும் அதே கததான். பாதி நிப்பாரு, பாதி நிக்கமாட்டாரு."

முப்பிடாதிக்கு அன்னைக்கு எதுவும் மண்டையில ஏறல.

ஊரு இத எப்படி எடுத்துக்கிட்டுன்னு கேளுங்க. மொதல்ல எட்ட நின்னு பயந்தாவ, பொறவு கிட்ட வந்து அவரு நெத்தியில விபூதி பூசுனாவ, அதுக்கும் பொறவு, "இன்னைக்கு என்ன இம்புட்டு மெதுவா அடிக்காரு"ன்னு சலிச்சுக்கிட்டாவ. உசுரோட இருக்கையில தளவாய் டீ குடிக்கப் போவாரு, சாப்பிடப் போவாரு, தலவலின்னா லீவு போடுவாரு, கேக்கதக் கேட்டா எரிஞ்சு விழுவாரு. இப்பம் டீ இல்ல, சோறு இல்ல, தலவலி இல்ல, ஞாயித்துக்கெழமை இல்ல, எரிச்சல்ங்கிறது மருந்துக்கும் இல்ல, "தங்கமான மனுசன், செத்த பொறவும் நமக்காகல்லா ஒழைக்காரு"ன்னு ஊரு மெச்சிக்கிச்சு. அம்மன் கோயில் ஆபீசுக்கு அடுத்த சுவருதான், தெருவுல பொணம் கெடந்தா நடை தெறக்கக் கூடாது, பூசாரி ஒரு நாள் பூராவும் யோசன பண்ணிட்டு வந்து, வேலை செய்யுத பொணத்துக்குத் தீட்டு கெடையாதுன்னு சொல்லிட்டாரு. தாசில்தார் அம்மா, "வருகைப் பதிவுல இருக்கிற ஆள இறந்துட்டார்னு நான் எப்படிம்மா எழுத முடியும்"னு கையக் கழுவிட்டாங்க. ஊழியர் சங்கத்துக்காரங்க, ஒருத்தரே இம்புட்டு வேலை பாத்தா மத்தவன் பொழப்பு என்னாவுறதுன்னு கோஷம் போட்டாவ, பத்து நாள் போனதும் ஆபீசுக்கு ஒருத்தர் இப்படி வேணும்னு மனு குடுத்தாவ. கவுண்டர்ல இருந்த கிளார்க்குமாரு ஒவ்வொருத்தரா சொந்த ஊருக்கு மாத்தல் வாங்கிக்கிட்டுப் போக, அவங்க வேலையும் இவரு தலையில விழுந்துச்சு. பக்கத்துத் தாலுகாக்காரன் வேன் பிடிச்சு வந்தான். பஸ்ல கண்டக்டரு, "தளவாய் ஆபீஸ் எல்லாம் எறங்கு"ன்னு விசில் ஊதுனாரு.

முப்பிடாதிய என்ன பண்ணன்னுதான் இந்தப் புத்திசாலி ஊருக்குத் தெரியல. கழுத்துல தாலி கெடக்கு, புருசன் செத்துட்டாருன்னு டாக்டரு எழுதிட்டாரு. கல்யாண வீட்டுல அவளப் பந்தியில உக்கார வைப்பாவ, மணமேடைப் பக்கம் வராதன்னுவாவ. வளைகாப்புக்குக் கூப்பிடுவாவ, வளையலத் தொட விடமாட்டாவ. தாலியறுத்த பொம்பளைங்க நாலு பேரு வந்து, "நீ குடுத்து வச்சவட்டி, எங்களுக்குப் போனது போனதுதான், ஒனக்கு நெனச்ச நேரம் போயிப் பாத்துக்கிடலாம்"னு பொறாமப்பட்டுட்டுப் போறாளுவ. சாயங்காலம் கவுண்டர் மூடுதப்போ இவ போவா. அவரு கண்ணு மூடாததால அதுல தூசி படிஞ்சு கெடக்கும், ஈரத்துணியால தொடச்சு விடுவா, தலைக்கு எண்ணெ வைப்பா, நகம் வெட்டுவா. அவரு பாட்டுக்கு அடிச்சுக்கிட்டே இருப்பாரு.

ஒரு நாள் விண்ணப்பம் அடிச்சுக்கிட்டு இருந்தவ பாதியில நிறுத்திட்டு எங்கிட்டச் சொன்னா.

"மைனி, எனக்கு அழணும். அவரு அங்க உக்காந்து வேலை பாத்துக்கிட்டு இருக்கையில நான் எப்படி அழ? அவரப் படுக்க வைக்கணும். கண்ண மூடி விடணும். வேற ஒண்ணும் எனக்கு வேண்டாம்."

கேக்கதுக்கு எவ்வளவு சின்ன ஆசை பாருங்க. பொண்டாட்டியாப் பொறந்த எவளும் கேக்கக் கூடாத ஆசை. ஆனா பிளக்கப் பிடுங்கதுக்கு அவ ஒத்துக்கிடல, அதுக்கும் காரணம் வந்து சேந்துச்சு. சித்திரை மாசம் கரண்டு போயி, பேட்டரி வயசான பேட்டரி, மாறுறதுக்குள்ள கண்ணு சிமிட்டுத நேரம் மெஷின் அணைஞ்சு எரிஞ்சுச்சு. அந்த ஒரு சிமிட்டுல தளவாய்க்கு எடது கை அப்படியே தொங்கிப் போச்சு, வாயி ஒரு பக்கமா இழுத்துக்கிச்சு. அன்னையில இருந்து ஒத்தக் கையால அடிக்காரு. முப்பிடாதி அந்தச் செத்த கையத் தூக்கி அவரு மடியில வச்சுட்டு, அந்தக் கோணல் மூஞ்சியத் தடவிக்கிட்டே நின்னா. வரிசையில நின்னவங்க, "இனி ரெண்டு பங்கு நேரமாவும் போலயே"ன்னு கவலப்பட்டாவ. சவத்துப் பயலுவ.

பேட்டரி மாத்த வந்த ஜெபசிங்க வழி மறிச்சு நிறுத்திட்டா முப்பிடாதி.

"தம்பி, முறையா நிறுத்த என்ன செய்யணும்? எனக்குச் சொல்லிக் குடு."

அவன் அக்கம் பக்கம் பாத்துட்டுச் சொன்னான். கறுப்பு ஸ்கிரீன்ல ஷட்டவுன்னு அடிக்கணும், ஒரு கோடு போட்டு ஹெச் போடணும், கூட்டல் குறி போட்டு எத்தனை நிமிசம்னு எழுதணும். ஹெச்சுக்குப் பதிலா ஆர் போட்டா நின்னுட்டுத் திரும்ப எந்திரிக்கும். "அது வேண்டாம்"னா முப்பிடாதி. "இப்பவே நில்லுன்னு குடுக்கவும் வழி இருக்குக்கா, ஆனா வேண்டாம். நேரம் குடுத்தாத்தான் எல்லாருக்கும் சேதி போகும், அவங்கவங்க செஞ்சதச் சேமிச்சுட்டு வெளிய வருவாங்க, மெஷினும் ஒவ்வொரு வேலையா முடிச்சுட்டுக் கடைசியாத்தான் தன்ன நிறுத்தும். அண்ணாச்சிக்கும் அதுதான் நல்லது."

"சரி, பத்து நிமிசம் குடுப்போம். அவரு அடிச்ச எழுத்துல ஒண்ணு அழியக் கூடாது. எவனும் நாளைக்கி அவரக் குத்தம் சொல்லக் கூடாது."

"ஒரு சிக்கல் இருக்குக்கா. அந்தப் பத்து நிமிசத்துக்குள்ள யாராவது கோடு போட்டு சி-ய அடிச்சா எல்லாம் ரத்தாயிரும்."

"யாரு அடிப்பா?"

அவன் தலையச் சொறிஞ்சான். எல்லா ஆபீஸ்லயும் அந்தக் கட்டளை ஒரு ஆளுகிட்டத்தான் இருக்குமாம். எங்க ஊருலதான், அடிக்கடி போன் போட்டுத் தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு, எல்லாக் கவுண்டருக்கும் ஒரே பாஸ்வேர்டக் குடுத்து, அத எல்லா மானிட்டர் நெத்தியிலயும் நாமம் போட்டாப்புல ஒட்டி வச்சிருக்கு. வரிசையில மொதல்ல நிக்கவன் எக்கிக் கை நீட்டுனாக்கூட அடிச்சிரலாம்.

மறுநா சாயங்காலம் அவ போயி அடிச்சா. நான் பக்கத்துல நின்னேன். எண்டரத் தட்டுன ஒடனே தளவாய் வாயத் தெறந்தாரு. செத்ததுல இருந்து மூச்சு விடாத மனுசன், அந்தக் கோணல் வாயால, காலையில "முப்பிடாதி, என் கண்ணாடிய எங்க வச்ச"ன்னு கேப்பாரே, அதே கொரல்ல சொன்னாரு, "இன்னும் பத்து நிமிசத்துல மெஷின் நிறுத்தப்படும். அவங்கவங்க வேலையச் சேமிச்சு வச்சுக்கிடுங்க." எல்லா ஸ்கிரீன்லயும் அதே வாசகம் எழுத்தா ஓடிச்சு. முப்பிடாதி அப்படியே சுவத்தப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துட்டா. அந்தக் கொரல அவ கேட்டு மாசக்கணக்காச்சு. அவ எந்திரிக்கதுக்குள்ள வெளிய எவனோ சி-ய அடிச்சுட்டான், தளவாய் வாய மூடிக்கிட்டாரு.

அதுக்குப் பொறவு எத்தனை தடவ அடிச்சா, எத்தனை தடவ ரத்தாச்சு. பேரனுக்குப் பள்ளிக்கூடத்துல சேக்கச் சாதிச் சான்று வேணும்னு ஒருத்தர் ரத்துப் பண்ணாரு, தோட்டத்த மவன் பேருக்கு மாத்தணும்னு ஒருத்தர் பண்ணாரு, அண்ணன் தம்பி வழக்குல நாளைக்கி வாய்தான்னு ஒருத்தர், வெளிநாடு போக விசாவுக்குன்னு ஒருத்தர், ஒண்ணும் அவசரம் இல்ல சும்மாதான், எதுக்கும் இருக்கட்டும்னு ஒருத்தர், நாடி பாத்து உயிர் இல்லன்னு எழுதுன அதே டாக்டரு ஆஸ்பத்திரி கட்டுத எடத்துக்குப் பட்டா வேணும்னு ஒரு தடவ. எல்லாரும் நல்லவங்கதான். எல்லாரும் போகையில அவகிட்ட வந்து, "தப்பா எடுத்துக்கிடாதம்மா, எனக்கு மட்டும் முடிஞ்சிரட்டும், நாளைக்கி நிறுத்திக்க"ன்னு சொல்லிட்டுத்தான் போனாவ. ஒவ்வொரு தடவையும் தளவாய் கொரல் ரெண்டு வரி பேசிட்டு அடங்கும். அவ மொகம் ஒவ்வொரு தடவையும் வெளிறிப் போவும். "ஊருல ஒருத்தனுக்காவது வேலை இல்லாம ஒரு நாள் இருக்காதா மைனி"ன்னு கேட்டா. "இருந்தா அவன் போயி புதுசா ஒரு மனு எழுதிப் போட்டுட்டு வருவான்"னேன் நான்.

கடைசியாப் பண்ணது சங்கிலி. நாங்க ரூம்ல இருந்து வெளிய வாரோம், கவுண்டர்ல கைய வச்சுக்கிட்டு நிக்கான்.

"அண்ணே, நீயுமா?"

"ஏட்டி, கோவப்படாத. வீட்டுமனைப் பட்டா மேசைக்கு வந்துட்டு. அது கையில வரட்டும், நானே வந்து மச்சானத் தூக்குதேன்."

"அவரு கண்ணுல தூசி விழுதுண்ணே."

"நான் என்ன கொலையா பண்ணுதேன்? உசுரோடதான வச்சிருக்கேன்."

"உசுரோட இல்ல. வேலையோட வச்சிருக்க."

அவன் மூஞ்சியத் திருப்பிக்கிட்டான். அவன் பொண்டாட்டி அன்னைக்கி ராத்திரிச் சோத்துக்கு அவளக் கூப்பிட்டு விட்டா, இவ போகல.

ஜெபசிங்குக்குப் போன் போட்டு நான் கிழிகிழின்னு கிழிச்சேன். "எலே, நீ படிச்ச படிப்புல இதுக்கு ஒரு வழி இல்லையால?" அப்பந்தான் அவன் சொன்னான், கடைசி அஞ்சு நிமிசத்துல மெஷின் கதவ அடச்சிருமாம், வெளிய இருந்து புதுசா யாரும் உள்ள வர முடியாது, ஏற்கெனவே உள்ள இருக்கவங்க மட்டும் இருக்கலாம். அப்படின்னா எல்லாக் கவுண்டரும் மெஷின விட்டு வெளிய வந்திருக்கையில, பத்துக்குப் பதிலா அஞ்சு குடுத்தா, அடிக்க ஒருத்தனும் இருக்கமாட்டான். முப்பிடாதி விரல மடக்கி நாள் பாத்தா. அம்மன் கோயில் தேரோட்டத்தன்னைக்கி ஆபீஸ் லீவு, ஊரு மொத்தமும் வடத்தப் பிடிச்சுக்கிட்டு நிக்கும்.

அன்னைக்கி வெயிலு மண்டையப் பொளக்குது. தேரு மேல ரத வீதி திரும்புது, வேட்டுச் சத்தம் கேக்குது. முப்பிடாதி எண்ணெக் கிண்ணத்தோட முன்னால போனா, நான் பின்னால போனேன், வாட்ச்மேன் வழக்கம்போலக் கதவத் தெறந்து விட்டாரு. தளவாய் தலைக்கு நல்லா எண்ணெ தேச்சு, சீவி, மூஞ்சி தொடச்சு, சட்டைப் பொத்தானச் சரி பண்ணிட்டு, கறுப்பு ஸ்கிரீன்ல உக்காந்து ஷட்டவுன் அடிச்சா, ஹெச் அடிச்சா, கூட்டல் அஞ்சுன்னு அடிச்சா.

தளவாய் கொரல் கேட்டு வாட்ச்மேன் ஓடி வந்தாரு.

"தாயி, தாயி, ரத்துப் பண்ணு தாயி. எம் மவளுக்கு நர்சிங் சீட்டு, சான்று இன்னும் வரல."

"அவரு அடிச்ச எழுத்து ஒண்ணும் அழியாது அண்ணாச்சி. எல்லாத்தையும் சேமிச்சுட்டுத்தான் நிப்பாரு. நாளைக்கி வேற ஆள் வந்து எடுத்துக் குடுப்பாங்க."

"வேற ஆளு எங்க இருக்கான்? எல்லாவனும் மாத்தல்ல போயிட்டானே!"

அது நெசந்தான். வாட்ச்மேன் கவுண்டருக்கு ஓடுனாரு. பாஸ்வேர்ட அடிச்சாரு, மெஷின் நிறுத்தப்படப் போவுது, உள்ள வர முடியாதுன்னு ஸ்கிரீன் சொல்லிட்டு. தேருப் பக்கமாக் கத்திக்கிட்டே ஓடுனாரு, அந்த வேட்டுச் சத்தத்துல எவன் காதுல விழும்?

இனி ரத்துப் பண்ணக் கூடிய ஆளு உலகத்துல ஒருத்திதான். அவ முன்னால ஸ்கிரீன் தெறந்து கெடக்கு. நிமிசத்துக்கு ஒருக்கா அந்தக் கொரல் வருது. "இன்னும் நாலு நிமிசம்." "இன்னும் மூணு நிமிசம்." அவ அவரப் பாக்கா, ஸ்கிரீனப் பாக்கா, மூஞ்சி எல்லாம் தண்ணி. "மைனி, இன்னொருக்கா பேசிட்டாருன்னா நான் அடிச்சிருவேன். சத்தியமா சி-ய அடிச்சிருவேன். நெதமும் ரெண்டு வரி போதும் எனக்கு, இப்படியே வச்சுக்கிடலாம்னு இருக்கு"ன்னா. நான் என்ன சொல்ல? அடிட்டின்னு சொல்லவா, அடிக்காதட்டின்னு சொல்லவா? அவ ரெண்டு கையையும் தொடைக்கு அடியில வச்சு அதுமேல உக்காந்துக்கிட்டா. "இன்னும் ஒரு நிமிசம்"னாரு தளவாய். அவ பல்லக் கடிச்சுக்கிட்டு, "சரிங்க"ன்னா. அவரு அடிச்சுக்கிட்டு இருந்த சான்ற முடிச்சாரு, முற்றுப்புள்ளி வச்சாரு, சேமிச்சாரு. வெரலு நின்னுச்சு. பெட்டிக்குள்ள சுத்திக்கிட்டு இருந்த காத்தாடி நின்னுச்சு. ரூம் அம்புட்டும் அமைதியாப் போச்சு.

கைய உருவி எடுத்து அவரு கண்ண மூடி விட்டா. அப்பந்தான் அழுதா. ஆம்பளைங்க தேர விட்டுட்டு ஓடி வார அளவுக்கு அழுதா.

வந்தவங்க யாரும் தப்பா ஒரு சொல்லு சொல்லல, அதையும் சொல்லணும்லா. மாலை போட்டாவ, போஸ்டர் அடிச்சாவ, "கடமையின் சிகரமே"ன்னு அதுல போட்டாவ. ஜெபசிங் வந்து தாசில்தார் அம்மாகிட்டயும் நின்ன கூட்டத்துக்கிட்டயும் கும்பிட்டுச் சொன்னான், "ஒடம்பு எரிஞ்சு முடியுற வரைக்கும் மெஷின ஆன் பண்ணிராதீங்க, அதுக்குப் பொறவு என்ன வேணும்னாலும் பண்ணிக்கோங்க"ன்னு. எல்லாரும் தலைய ஆட்டுனாவ. "அது எப்படித் தம்பி, நாங்க என்ன மனுசங்க இல்லையா"ன்னு சங்கிலியே கேட்டான்.

மறுநா காலையில அவ தாலியக் கழட்டுனாவ, வளையல ஒடச்சாவ, பூவ எடுத்தாவ. அவ எல்லாத்துக்கும் கழுத்தையும் கையையும் நீட்டுனா. சூரத்துல இருந்து தளவாய் தம்பி வர நேரமாயிட்டு, பாடை எடுக்கையில உச்சி தாண்டிருச்சு. பொம்பளைங்க எங்க ஊருல தெருமுக்கு வரைக்கும்தான். சங்கு ஊதி, மேளம் அடிச்சு, முன்னங்கம்ப சங்கிலி தோளுல வச்சுக்கிட்டுப் போறான். பாதி ஊரு பாடைக்குப் பின்னால போவுது. மீதி ஊரு விடிஞ்சதுல இருந்து ஆபீஸ் வாசல்ல வரிசையில நிக்குது.

எவன் கேட்டான், எவ கேட்டா, தெரியாது. நான் அப்புறம் விசாரிச்சுப் பாத்துட்டேன், கேட்டேன்னு ஒருத்தன் ஒத்துக்கிடல. கடைசி தேதின்னு ஒருத்தன் சொல்லியிருப்பான், கடைசி பஸ்ஸுன்னு ஒருத்தன் சொல்லியிருப்பான், இந்நேரம் தீ வச்சிருப்பாவன்னு ஒருத்தன் கணக்குச் சொல்லியிருப்பான், தாசில்தார் அம்மா பட்டன அமுக்கியிருப்பாங்க. "மக்கள்தானே கேட்டாங்க"ன்னாங்க, கேட்டதுக்கு.

பாடை தெருமுக்கு தாண்டிப் பத்தடி போகல. மேளக்காரன் கைதான் மொதல்ல நின்னுச்சு. பாடையில தளவாயோட வலது கை வெரலு ஆடுது. கட்டி வச்ச துணிக்குள்ள இருந்து வெளிய வந்து, வெறும் காத்துல அடிக்குது. அதே நேரம் கூட்டத்துல ஒருத்தன் செல்போன் அடிச்சுச்சு, எடுத்துக் கேட்டுட்டு மெதுவாச் சொன்னான், "சர்வர் வந்துட்டாம். ஆனா ஒறஞ்சு நிக்குதாம்."

யாரும் திரும்புன்னு சொல்லல. சத்தியமா யாரும் சொல்லல. தூக்குனவங்க தோள மாத்திக்கிட்டாவ, காலடி ஒண்ணுபோல வச்சாவ, பாடை திரும்புது. அம்புட்டுப் பதனமா, மாப்பிள்ளை அழைப்புக்குக் கூட இந்த ஊரு அம்புட்டுப் பதனமா நடந்தது கெடையாது. தெருமுக்குல முப்பிடாதி நிக்கா, நெத்தி வெறிச்சுன்னு, கழுத்து வெறிச்சுன்னு. பாடை அவளப் பாத்து வருது.

"வழி விடுட்டி"ன்னான் சங்கிலி. அவ மூஞ்சியப் பாக்காமச் சொன்னான். "சனங்க காத்துக் கெடக்கு."

"எறக்குண்ணே. ஒரு நிமிசம்."

எறக்குனாவ. அவ தரையில உக்காந்து அந்தக் கையப் பிடிச்சா. வெரலு நிக்கல, அவ உள்ளங்கையிலயே அடிக்க ஆரம்பிச்சுட்டு. அவரு ஒத்தக் கையால அடிக்கத் தொடங்குன நாளையில இருந்து பக்கத்துல உக்காந்து பாத்தவ, எந்த அசைவு எந்த எழுத்துன்னு அவளுக்கு மனப்பாடம். கண்ண மூடிக்கிட்டா. அவ வாயி அசையுது, எழுத்தெழுத்தாக் கூட்டிப் பாக்கா. அவ பேரச் சொல்லுவாருன்னு நெனச்சேன், கூட நின்ன நாங்க அத்தனை பொம்பளையும் அப்படித்தான் நெனச்சோம், நெருப்புக்குப் போற வழியில திரும்புத மனுசன் பொண்டாட்டி கையில வேற என்னத்த எழுதுவான்?

கண்ணத் தெறந்தா. "வண்டிமறிச்சான்"னா. "தகப்பன் பேரு நல்லகண்ணு. வருமானச் சான்று."

கூட்டத்துல இருந்து ஒருத்தன், "என்னுதுதான்"னு சொல்லிட்டு நாக்கக் கடிச்சுக்கிட்டான்.

முப்பிடாதி அந்தக் கையத் துணிக்குள்ள வச்சு, துணிய இழுத்துச் சரி பண்ணிட்டு எந்திரிச்சா. "கொண்டு போங்க"ன்னா. பாடை அவளத் தாண்டிப் போச்சு. சங்கிலி பொண்டாட்டி கிட்ட வந்து, காதுல, "ஏட்டி, தாலிய எங்க வச்ச, எடுத்துக் கட்டிக்க, ஒண்ணும் தோசம் இல்ல"ன்னா. இவ அவள நின்னுகூடப் பாக்கல, எங்கிட்ட வந்தா.

"மைனி, வா. தலைக்குத் தண்ணி ஊத்து."

"எதுக்குட்டி இப்பம்?"

"பொணத்த அனுப்பிட்டுக் குளிக்காண்டாமா?"

ஊத்துனேன். கிணத்தடியில உக்கார வச்சு, தலையில குடம் குடமா ஊத்துனேன், அவ அசையாம உக்காந்திருந்தா. குளிச்சு முடிச்சு, புருசன் செத்தவ மாதிரி ஒரு சேலைய எடுத்துக் கட்டிக்கிட்டு, தெருவப் பாத்து உக்காந்தா, துட்டி கேக்க, துக்கம் விசாரிக்க, யாராவது வருவாங்கன்னு. இருட்டுத வரைக்கும் உக்காந்திருந்தா. எல்லாரும் ஆபீஸ் வரிசையில நின்னாவ.